இலத்தீன் பள்ளியும் நம் தமிழ்ச் சபையும்



நம் பங்கு யூபிலி கொண்டாடி மகிழும் இவ்வேளையில், விழா மலர்க் குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டனர். கோவில் எழும்பிய வரலாற்றையும் பக்த சபைகளின் வரலாற்றையும் இம்மலரில் வேறு சிலர் எழுதுகின்றனர். ஆகவே நம் எல்லாருக்கும் பொதுவான, ஆனால் அதிகமாக யாரும் பேசாத ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். நம் தமிழ்நாட்டில் இலத்தீன் கற்பித்த பள்ளிக்கூடமே அது. அது ஒரே ஊரில் இருந்த ஒரே பள்ளியன்று. இடமும் பெயரும் மாறி மாறி நெடுங்காலம் நடந்து, நமக்கு அண்டை ஊராகிய பூந்தமல்லி வரைக்கும் வந்து சேர்ந்த பள்ளி அது.

இந்த எண்ணம் எனக்கு வரக் காரணம் ஒரு பழைய செபப் புத்தகம். மலருக்காகப் பழைய படங்களையும் ஏடுகளையும் சேகரித்துக்கொண்டிருந்தபோது, நம் பங்கின் பெரியவர் ஒருவர் துணியில் சுற்றிய அப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அட்டை கிழிந்து, ஓரம் கரையான் அரித்திருந்தது. தமிழ்ச் செபங்களுக்கு நடுவே, நற்கருணை ஆசீர்வாதத்தில் பாடப்படும் இலத்தீன் கீதங்கள் தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டிருந்தன. பெரியவர் புத்தகத்தைப் பாராமலே ஒரு கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை பாடினார். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பாடி முடித்ததும் சிரித்துக்கொண்டே, "சாமி, அர்த்தம் மட்டும் கேட்டுடாதீங்க. எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை" என்றார். அவரோடு பேரனும் வந்திருந்தான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்லுகிறேன்.

பெரியவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் இலத்தீன் பள்ளியின் பெருமையும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குருமடம் என்னும் வாசல்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருமடங்கள் இன்றுள்ள ஒழுங்கில் அமையக் காரணமாயிருந்தது திரிதெந்தின் பொதுச்சங்கம். 1563-ம் ஆண்டு ஜூலைத் திங்களில் அச்சங்கம் விடுத்த ஆணையில், ஒவ்வொரு மறைமாவட்டமும் சிறுவரைச் சேர்த்துக் குருத்துவத்திற்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பன்னிரண்டு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அதோடு, ஏழைகளின் பிள்ளைகளையே முதன்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தையும் சங்கத் தந்தையர் தெரிவித்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் விலக்கவில்லை. ஆனால் ஏழையை மறக்கலாகாது என்பதில் உறுதியாயிருந்தனர்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் பூசை, திருப்புகழ்மாலை, வேதசாஸ்திரம், திருச்சபைச் சட்டம் ஆகிய எல்லாமே இலத்தீனில் இருந்தன. எனவே குருவாக விரும்பும் சிறுவன் முதலில் ஏறவேண்டிய படி இலத்தீன். அந்தப் படியில் கால் வைக்க முடியாதவன், எத்துணைப் பக்தியுள்ளவனாயினும், உபதேசியாராக இருக்கலாமேயன்றிக் குருவாக முடியாது. ஆகவே ஒரு நாட்டில் இலத்தீன் பள்ளி திறக்கப்பட்டது என்றால், அந்நாட்டு மக்களின் பிள்ளைகளும் பலிபீடத்தில் ஏறலாம் என்று வாசல் திறக்கப்பட்டது என்பதே பொருள். வாசல் திறக்கப்படாத வரையில் குருக்கள் கப்பலேறித்தான் வரவேண்டும்.

வீரமாமுனிவர் கட்டிய பாலம்

நம் நாட்டில் இலத்தீனுக்கும் தமிழுக்கும் இடையே முதலில் பெரிய பாலம் கட்டியவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680-ல் பிறந்த இச்சேசுசபைக் குரு, முப்பதாம் வயதையொட்டித் தமிழ்நாட்டுக்கு வந்து, பல்லாண்டுகள் இங்கே உழைத்து, 1747-ல் இறந்தார். தேம்பாவணி பாடியவர் என்றும் சதுரகராதி தந்தவர் என்றும் அவரை நாம் அறிவோம். அவர் இலத்தீனில் எழுதியவற்றைப் பலர் அறியார். மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், புலவரின் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். பரமார்த்த குருவின் கதையையும் தமிழோடு இலத்தீனிலும் தந்தார்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் அச்சேறியது தரங்கம்பாடியில். அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையினர். வேத விஷயத்தில் அவர்களுக்கும் முனிவருக்கும் கடும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் நல்ல நூலை நல்ல நூல் என்று ஒப்புக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை. பின்னர் அதே லுத்தரன் சபையைச் சேர்ந்த கார்ல் கிரவுல் என்னும் ஜெர்மானிய அறிஞர் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தார். அது 1865-ல் வெளிவந்தது. வள்ளுவரின் குரலை ஐரோப்பிய அறிஞர் உலகம் கேட்பதற்கு இலத்தீன் இவ்வாறு வழியாயிற்று.

ஆனால் இவையெல்லாம் ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கு அமைந்த பாலம். அதே பாலத்தின்மேல் நம் பிள்ளைகள் எதிர்த்திசையில் நடந்து இலத்தீனுக்குச் செல்ல இன்னும் நாளாயிற்று.

வீராம்பட்டினத்தில் ஒரு விந்தை

புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. 1770-ம் ஆண்டளவில் அவ்வூரில் வித்தியாசமான ஒரு பள்ளி நடந்தது. பாரிஸ் வேதபோதக சபையினர் சீயம் நாட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில், கீழை நாடுகளுக்கெல்லாம் பொதுவான குருமடம் ஒன்றை நடத்தி வந்தனர். பர்மியப் படையெடுப்பினால் அது அங்கிருந்து பெயர்ந்து, இன்றைய வியட்நாமின் தென்பகுதிக்குப் போயிற்று. அங்கும் கலகம் வரவே, குருக்களும் மாணவரும் மலாக்கா வழியாகக் கடல் கடந்து புதுச்சேரிக் கரையில் அடைக்கலம் புகுந்தனர். வீராம்பட்டினத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அக்குருமடம் நடந்தது.

அதற்குத் தலைமை தாங்கியவர் பின்னாளில் ஆயராகப் புகழ்பெற்ற பிஞ்ஞோ தெ பெஹேன். மாணவரோ பல நாட்டவர், பல மொழியினர். அவர்கள் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க இலத்தீனே துணை நின்றது. வியட்நாம் மாணவரின் உதவியோடு பிஞ்ஞோ அடிகளார் தொகுத்த வியட்நாம்–இலத்தீன் அகராதி 1773-ல் முடிவுற்றது புதுச்சேரியில்தான். நம் கடற்கரை மணலில் உட்கார்ந்து தூரதேசத்துப் பிள்ளைகள் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்த காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். யாருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழி எல்லாருக்கும் பொதுவாயிற்று. அதில் யாரும் உயர்ந்தவரில்லை, யாரும் தாழ்ந்தவரில்லை. எல்லாரும் முதல் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

1844-ம் ஆண்டு

தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை 1844-ம் ஆண்டு மறக்கலாகாத ஆண்டாகும். புதுவை மிஷனின் தலைவராயிருந்த பொன்னான் ஆண்டகை அவ்வாண்டில் தம் குருக்களைக் கூட்டிப் புதுச்சேரியில் சங்கம் ஒன்று நடத்தினார். நாட்டுக் குருக்களை உருவாக்குவதும் பள்ளிகளை நிறுவுவதும் அச்சங்கம் ஆராய்ந்த முக்கிய காரியங்கள். அதே ஆண்டிலே புதுச்சேரியில் இளங்குருமடம் தொடங்கியது. பெத்தி செமினேர் என்னும் பிரெஞ்சுப் பெயரோடு இன்றும் அது மேல்நிலைப் பள்ளியாக நடந்துவருகிறது. அதே 1844-ல் சேசுசபையார் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி, 1883-ல் திருச்சிக்கு மாற்றப்பட்டு இன்றும் புகழோடு விளங்குகிறது. மறு ஆண்டு, 1845-ல், உரோமையிலிருந்து விசுவாசப் பரப்புதல் பேராயம் விடுத்த அறிவுரை, மிஷன் நாடுகளில் அந்நாட்டுக் குருக்களையே உருவாக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. புதுச்சேரிச் சங்கத்தின் தீர்மானங்கள் அதற்கு ஒரு தூண்டுகோலாயிருந்தன என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

பள்ளி வந்தால் புத்தகம் வேண்டும். 1846-ல் புதுவை மிஷன் அச்சகத்திலிருந்து இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்று வெளிவந்தது. பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் இருவர் அதைத் தொகுத்தனர். தங்கள் பெயரைக்கூட அவர்கள் முகப்பில் இடவில்லை. தமிழ்ச் சிறுவன் ஒருவன் இலத்தீன் சொல்லுக்குத் தன் மொழியிலேயே பொருள் காண அதில் வழி பிறந்தது.

அதே 1844-ல் இன்னொரு காரியமும் நடந்தது. துப்புயி அடிகளார் புதுச்சேரியில் பெண்பிள்ளைகளின் கல்விக்கென்றே நாட்டுக் கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். ஒருபுறம் சில பையன்களுக்கு இலத்தீன், மறுபுறம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு. இவற்றில் எது பெரிய காரியம் என்று என்னைக் கேட்டால், விடை சொல்லச் சற்றே தயங்குவேன்.

கண்டியிலிருந்து பூந்தமல்லி வரை

இந்தியத் திருச்சபைக்கு 1886-ல் ஆயர் ஆட்சிமுறையை ஏற்படுத்திய திருத்தந்தை 13-ம் சிங்கராயர், 1893-ல் தனி மடல் ஒன்று விடுத்து, இந்நாட்டுக் குருக்களுக்கு உயர்ந்த பயிற்சி தேவை என்று அறிவித்தார். அவ்வாண்டு இலங்கையின் கண்டி நகரில் பாப்பிறைக் குருமடம் நிறுவப்பட்டது. இந்தியாவின் மீட்புக்கு இந்தியாவின் மைந்தரே பணியாளராவர் என்பது அத்திருத்தந்தை தந்த குறிக்கோளின் கருத்து. தமிழ்நாட்டிலிருந்தும் மாணவர் கடல் கடந்து அங்கே சென்று, தத்துவமும் வேதசாஸ்திரமும் இலத்தீனில் கற்றுத் திரும்பினர். 1955-ல் அக்குருமடம் புனே நகருக்கு வந்தது. புதுச்சேரியின் பெரிய குருமடமோ 1934-ல் பெங்களூருக்குச் சென்றது.

இப்பள்ளிகளின் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1919-ல் திருத்தந்தை 15-ம் ஆசீர்வாதப்பர், நாட்டுக் குருக்கள் அந்நியக் குருக்களுக்கு உதவியாளராக மட்டும் இருக்கலாகாது, அவர்களுக்கு இணையாக நிறைவான பயிற்சி பெறவேண்டும் என்று எழுதினார். நான்கே ஆண்டுகளில், 1923-ல், தூத்துக்குடி மறைமாவட்டம் நிறுவப்பட்டு, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் ஆயரானார். அண்மைக் காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. அவர் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் பகுதிக்கு வருவோம். 1935-ல் சென்னைக்குப் பேராயராக வந்த சலேசிய சபையின் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை, மறு ஆண்டே பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடத்தை நிறுவினார். 1936-ல் காட்டுப்பாக்கத்தைச் சுற்றி வயலும் ஏரியும் தோப்புமே இருந்தன. இன்று மெட்ரோ ரயில் தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கும் அதே பூந்தமல்லிச் சாலையில், அன்று கட்டைவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அச்சாலையின் ஓரத்து ஊரிலே தமிழ் இளைஞர் அமர்ந்து, புனித தோமையார் அக்குவினாரின் மொழியில் பாடம் கேட்டனர். நம் சுற்றுவட்டாரத்துப் பங்குகளில் பணியாற்றிய எத்தனையோ குருக்களை உருவாக்கிய வீடு அது. பூந்தமல்லிக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் நாம் அதை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

வகுப்பறைக்குள்ளே

அப்பள்ளிகளில் இலத்தீன் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று சில வார்த்தை சொல்லவேண்டும். முதலில் பெயர்ச்சொல். இலத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஆறு வேற்றுமையில் ஒருமையிலும் பன்மையிலும் உருமாறும். பின்பு நான்கு வகை வினைச்சொற்கள். காலையில் மனப்பாடம், மாலையில் ஒப்புவித்தல். அடுத்த நிலையில் சீசரின் உரைநடை, சிசரோவின் பேச்சு, விர்ஜிலின் காவியம். கடைசியில் திருச்சபைத் தந்தையரின் நூல்கள்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்கு வேற்றுமை என்பது விளங்காத புதிர். நம் தமிழ்ப் பிள்ளைக்கோ அது பழகிய காரியம். ஆறு வேற்றுமை என்றால், 'எங்களுக்கு எட்டு உண்டே' என்று அவன் சொல்லலாம். 'நேசிப்போம்' என்னும் பொருளுடைய 'அமாபிமுஸ்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'அமா' என்பது பகுதி, 'பி' என்பது எதிர்காலம் காட்டும் இடைநிலை, 'முஸ்' என்பது தன்மைப் பன்மை விகுதி. 'நேசிப்போம்' என்பதை நன்னூல் படித்தவன் பிரிப்பதும் இப்படியே. ஆங்கிலத்திற்கு இதே பொருளைச் சொல்ல மூன்று சொற்கள் வேண்டியிருக்கிறது.

நான் குருமடத்தில் சேர்ந்தபோது பெரிய சங்கம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆகவே எங்களுக்குக் கிடைத்தது பழைய இலத்தீனின் நிழல் மட்டுமே. ஆயினும் வயது முதிர்ந்த ஒரு பேராசிரியர் மிகுந்த பொறுமையோடு கற்பித்தார். ஒருநாள் கரும்பலகையில் 'பேத்ருஸ் பவுலும் விதெத்' என்று எழுதி, மொழிபெயர்க்கச் சொன்னார். நான் சட்டென்று எழுந்து, "பேதுருவும் பவுலும் பார்க்கிறார்கள்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த 'உம்' நம்முடைய 'உம்' இல்லை, நம்முடைய 'ஐ'. பேதுரு பவுலைப் பார்க்கிறார். உன் மொழியை ஒழுங்காகக் கவனித்திருந்தால் இந்த மொழியும் உனக்குக் கைகொடுத்திருக்கும்" என்றார். அன்று மாலை நூலகத்திற்குப் போய் நன்னூலை எடுத்தேன். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த வேற்றுமைப் புணர்ச்சியைப் பொருளுணர்ந்து படித்தது அன்றுதான். இலத்தீன் எனக்குத் தந்த முதற்கொடை தமிழே என்றால் மிகையாகாது.

இது என் ஒருவனுடைய அனுபவமன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்த தனிநாயக அடிகளார் (1913–1980) உரோமையில் பயின்று, பழைய ஆப்பிரிக்கத் திருச்சபையின் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர். திரும்பி வந்து நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றியபோது தமிழார்வம் மிகுந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1679-ல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததை 1954-ல் கண்டெடுத்து உலகுக்குக் காட்டியவர் அவர். 1966-ல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வித்திட்டவரும் அவரே. பழைய ஏடுகளை அஞ்சாமல் திறந்து பார்க்கும் துணிவை அவருக்குக் குருமடக் கல்வி தந்தது. அத்துணிவை அவர் தமிழுக்குப் பயன்படுத்தினார்.

மறுபக்கம்

இவ்வளவும் பெருமை. இனிக் குறையையும் சொல்லவேண்டும்.

முதலாவது, வாசல் திறந்ததே தவிர, எல்லாருக்கும் ஒரேபோல் திறக்கவில்லை. திரிதெந்தின் சங்கம் ஏழையை முன்னிட்டு எழுதிய சொல்லை நம் நாட்டில் சாதி என்னும் சுவர் நெடுங்காலம் மறைத்து நின்றது. குருமட வாசலிலும் அந்தச் சுவர் இருந்தது. இதை மறைத்துவிட்டு யூபிலி கொண்டாடினால் அது உண்மையான நன்றிப் பலியாகாது.

இரண்டாவது, வாசலுக்கு உள்ளே போனவர் சிலர். வெளியே நின்றவர் பலர். உள்ளே போனவருக்குப் பொருள் கிடைத்தது. வெளியே நின்றவருக்கு ஓசை கிடைத்தது. குருவானவர் பலிபீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் செபிக்க, மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய விசுவாசத்தில் குறையொன்றுமில்லை. அந்த விசுவாசத்தின் பலனைத்தான் நாம் இன்று உண்டுகொண்டிருக்கிறோம். ஊர் ஊராக உபதேசியார்கள் தமிழில் ஞானோபதேசம் சொல்லி அதைக் காத்தார்கள். என்றாலும், பூசையின் செபங்கள் அவர்கள் செவியில் விழுந்தும் மனத்தில் விழவில்லை. நம் பெரியவர் கீதத்தை முழுவதும் பாடி, அர்த்தம் கேட்காதீர்கள் என்று சொன்னது அதனால்தான். பாடியவர்மேல் பிழையில்லை. பொருளைச் சொல்லித் தரவேண்டியவர்கள் குருக்களாகிய நாங்கள். அதற்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சாமி" என்றார்.

காலம் மாறியது

1962-ம் ஆண்டு பிப்ரவரி 22-ம் நாள் திருத்தந்தை 23-ம் அருளப்பர், குருமடங்களில் இலத்தீன் குன்றாமல் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அவரே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1963 டிசம்பர் 4-ம் நாள் அச்சங்கம் நிறைவேற்றிய திருவழிபாட்டு ஏடு, இலத்தீனைக் காத்துக்கொள்ளச் சொன்னதோடு, மக்களின் மொழிக்கும் இடம் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டுக் கோவில்களில் பூசை தமிழில் ஒலித்தது. குரு மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

இலத்தீனை ஒழித்துவிடச் சங்கம் எங்கும் சொல்லவில்லை. 1965-ல் வெளியான குருமாணவர் பயிற்சி ஏடு, திருச்சபையின் மூல ஏடுகளைப் படித்தறியும் அளவுக்கேனும் குருமாணவர் இலத்தீன் கற்கவேண்டும் என்கிறது. 1983-ன் திருச்சபைச் சட்டமும் அவ்வாறே பணிக்கிறது. ஆயினும் நடைமுறையில் அது ஒதுங்கிக்கொண்டே போயிற்று. 2013 பிப்ரவரி 11-ம் நாள் திருத்தந்தை 16-ம் ஆசீர்வாதப்பர் தாம் பதவி விலகுவதாக அறிவித்தது இலத்தீனில். அச்செய்தியை முதலில் உலகுக்குச் சொன்னவர் இத்தாலியச் செய்தி நிறுவனம் ஒன்றின் பெண் நிருபர். காரணம், அவருக்கு இலத்தீன் புரிந்தது.

வேறொரு செய்தியும் உண்டு. 1947-ல் டோரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், பிள்ளைகளுக்குப் பாடங்களைக் கற்பிக்கிறோம், ஆனால் கற்கும் வழியைக் கற்பிக்கத் தவறிவிட்டோம் என்னும் கருத்தைச் சொல்லி, பழைய முறைப்படி இலத்தீன் இலக்கணத்திலிருந்து தொடங்கலாம் என்றார். அக்கருத்தை ஏற்று, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்னும் சிறு நகரில் நம் பிரிந்த சகோதரர்கள் 1981-ல் ஒரு தனியார் பள்ளி தொடங்கினர். அதன்பின் அந்நாட்டில் அத்தகைய கிறிஸ்தவப் பள்ளிகள் பல தோன்றின. கத்தோலிக்கரும் சில நடத்துகின்றனர். சிறு வகுப்பிலேயே அங்கே இலத்தீன் தொடங்குகிறது. நாம் கைவிட்டதை அவர்கள் தேடி எடுக்கிறார்கள்.

பேரனின் தாள்

அப்படியானால் காட்டுப்பாக்கத்திலும் இலத்தீன் பள்ளி திறக்கவேண்டுமா என்று கேட்பீர்கள். அதை நான் சொல்ல வரவில்லை. பேரனைப் பற்றிச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

பெரியவர் பாடி முடித்தபின், பேரனை அழைத்து, "தம்பி, பூசையில் நீ பாடுகிற தமிழ்ப் பாட்டு ஒன்று பாடு" என்றேன். நல்ல பிள்ளை, பாடகர் குழுவில் இருக்கிறான். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதைப் பார்த்து இனிமையாகப் பாடினான். தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அவனுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. பாட்டில் வந்த மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை. தாத்தாவின் அதே சிரிப்பைச் சிரித்தான்.

என் மேசைமேல் அப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன: தமிழ் எழுத்தில் இலத்தீன் அச்சிட்ட தாத்தாவின் புத்தகம், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிய பேரனின் தாள். தாத்தாவுக்கு மறுக்கப்பட்டது அந்நிய மொழியின் பொருள். பேரன் இழந்துகொண்டிருப்பதோ தன் சொந்த மொழியின் பொருள். பெரிய சங்கம் நமக்குத் தாய்மொழியில் வழிபாடு தந்தது. 1995-ல் பல சபையினரும் சேர்ந்து தந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு கையில் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், நம் ஞாயிறு வாசகங்களை வாசிக்க இளைஞர் முன்வரத் தயங்குகின்றனர் என்றால், தமிழ் அவர்களுக்கு இன்னோர் இலத்தீனாகி வருகிறது என்பதே உண்மை.

பெற்றோரை நான் குறைகூறவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று பாடுபட்டுக் கடன்பட்டு ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறீர்கள். அது தவறில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. அவர்களும் தங்கள் தாய்மொழியை இவ்வாறே காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய இலத்தீன் பள்ளி நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்று இருக்கிறது. தன் மொழியல்லாத ஒரு மொழியைப் பன்னிரண்டு வயதுத் தமிழ்ச் சிறுவன், கைவிளக்கு வெளிச்சத்தில், ஐந்து வகுப்புப் பெயரும் நான்கு வகை வினையும் மனப்பாடம் செய்து, ஆறேழு ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றான். கடவுளின் வார்த்தையைப் பொருளுணர்ந்து படிக்கவேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டான். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு செலவிட்டால், நம் பிள்ளைகள் ஆறே மாதத்தில் தமிழில் திருவிவிலியம் வாசிப்பார்கள்.

ஆகவே யூபிலியின் நினைவாக, சனிக்கிழமை மாலைகளில் ஞானோபதேச வகுப்புக்குப் பின் அரைமணி நேரம் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தப் பங்குப் பேரவையோடு கலந்து முடிவு செய்திருக்கிறோம். அடுத்த நாள் பூசையின் வாசகங்களே பாடம். முதல் பெயர் பதிந்தவன் அந்தப் பேரன். இரண்டாம் பெயர் அவனுடைய தாத்தா. இலத்தீன் கீதங்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். வகுப்பு முடிந்தபின் அவருக்கு அதை நான் சொல்லித் தருவதாக வாக்களித்திருக்கிறேன். தாமதமாகவேனும் தீர்க்கவேண்டிய கடன் அது.

நமக்குக் குருக்களைத் தந்த இலத்தீன் பள்ளிகளுக்காகவும், அவற்றில் பாடுபட்டுக் கற்பித்த ஆசிரியர்களுக்காகவும், அவ்வாசலில் நுழைய முடியாமற்போன எண்ணற்ற பிள்ளைகளுக்காகவும் இந்த யூபிலிப் பூசையில் வேண்டிக்கொள்வோம். நம் பங்கிலிருந்தும் தேவ அழைத்தல்கள் பெருக இறைவன் அருள்புரிவாராக.

இயேசுவில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை,
காட்டுப்பாக்கம்.